ஆசீர்வதிக்கப்பட்ட கூடை

 

இந்த மாதம் ஓர் எளிய கேள்வியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடந்த ஏழு நாட்களில் உங்கள் குடும்பம் உணவுக்காகச் செலவழித்தது எவ்வளவு? வாடகை எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் தொகையும் நமக்கு மனப்பாடம். உணவுக்கோ, "கையில் இருந்தது செலவாகிவிட்டது" என்பதே பெரும்பாலும் நம் பதிலாயிருக்கிறது. அது சிறிது சிறிதாகப் போகிற பணம் ஆகையால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதே கேள்வியை நம் அரசாங்கமும் கேட்டது. 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், காய்கறி, பழம், மீன், இறைச்சி, முட்டை, எண்ணெய் ஆகியவற்றுக்குக் கடந்த ஏழு நாள் கணக்கையும், அரிசி, பருப்பு போன்றவற்றுக்கு முப்பது நாள் கணக்கையும் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். நகரத்தில் வாழும் ஒருவருக்கு மாதம் சராசரியாக 6,996 ரூபாய் செலவாகிறது என்றும், அதில் ஏறக்குறைய 40 சதவீதம் உணவுக்குப் போகிறது என்றும் தெரியவந்தது. வாரக் கணக்காகப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 640 ரூபாய். நான்கு பேருள்ள வீட்டுக்குச் சுமார் 2,560 ரூபாய்.

இது பணக்காரரையும் ஏழையையும் சேர்த்து எடுத்த சராசரி என்பதை மறவாதிருங்கள். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். ஆகவே உங்கள் வீட்டுச் செலவு இத்தொகைக்குக் கூடவோ குறையவோ இருப்பதைக் கண்டு கலங்கவும் வேண்டாம், மேன்மைபாராட்டவும் வேண்டாம். பணம் எங்கே போகிறது என்று அறிவதே முக்கியம்.

மூன்று முட்டைகள்

என் சொந்தக் குற்றத்தை இங்கே அறிக்கையிட விரும்புகிறேன். நாங்கள் மும்பையில், தாராவியில், ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த நாட்கள் அவை. எனக்குச் சனிக்கிழமை தோறும் வாரக்கூலி. சாயங்காலத்தில் ஒரு தொகையை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். வியாழக்கிழமை வந்தால், "பணம் தீர்ந்துவிட்டது" என்பாள். "கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று?" என்று நான் கோபத்தோடு கேட்பேன். அந்தக் கோபத்தோடேயே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போயிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

ஒருநாள் என் மனைவி பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, "இனி இதில் எழுதுவோம், நீங்களும் எழுதுங்கள்" என்றாள். நான்கு வாரம் எழுதினோம். ஐந்தாம் சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கின பின்பு, இருவரும் உட்கார்ந்து அதை வாசித்தோம்.

அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றில் வீண் செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. காய்கறியைக் கால் கிலோ, கால் கிலோவாகத்தான் வாங்கியிருந்தாள். என் கையெழுத்திலிருந்த வரிகளோ வேறு. ரயில் நிலையத்தில் தேநீர், வடாபாவ். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் குளிர்பானம். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் பிரியாணிப் பொட்டலம். இவற்றைக் கூட்டினபோது என் முகம் வாடிப்போயிற்று.

அதைவிட ஒரு சிறிய வரி என்னை அதிகமாய்க் குத்தியது. நாங்கள் நான்கு பேர். நோட்டில் முட்டை என்று எழுதின இடத்திலெல்லாம் "3" என்றே இருந்தது. பால் வாங்கின கணக்கு புதன்கிழமையோடு நின்று, வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு பாக்கெட் மட்டும் எழுதியிருந்தது. "உனக்கு?" என்று கேட்டேன். "எனக்கு முட்டை அவ்வளவாகப் பிடிக்காதுங்க. தேநீரும் பால் இல்லாமல் பழகிவிட்டது" என்றாள். திருமணமான புதிதில் அவள் முட்டைக் குழம்பை எவ்வளவு ஆசையாய்ச் சாப்பிடுவாள் என்பது எனக்குத் தெரியாதா?

பிரியமானவர்களே, இது என் வீட்டுக் கதை மாத்திரமல்ல. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சினதை உண்ணும் வழக்கமும் அவற்றில் ஒன்று. கொரிந்து சபையார் ஒன்றுகூடிப் புசிக்கையில் ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறியாயிருந்ததைப் பவுல் அப்போஸ்தலன் எவ்வளவு கண்டிப்பாய்க் கடிந்துகொண்டார் (1 கொரிந்தியர் 11)! அந்தக் கடிந்துகொள்ளுதல் நம் அடுக்களைக்கும் உரியதல்லவா?

மன்னா கற்பிக்கும் அளவு

வனாந்தரத்தில் கர்த்தர் மன்னாவை அருளியபோது, தலைக்கு ஒரு ஓமர் என்று அளவும் கொடுத்தார். ஐந்து நாள் அன்றன்றைக்குரியது; ஆறாம் நாளில் இரட்டிப்பு; ஏழாம் நாளில் ஓய்வு (யாத்திராகமம் 16). வாரத்துக்குத் திட்டமிட்டு உணவு சேர்ப்பது அவிசுவாசம் அல்ல என்று இதிலிருந்து அறிகிறோம். தலைக்கு இவ்வளவு என்றபோது, தாயின் தலையும் எண்ணப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அளவுக்கு மிஞ்சி வைத்ததோ புழுத்து நாறிப்போயிற்று. ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவரும், மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வைக்கும்படி சீஷருக்குக் கட்டளையிட்டார் (யோவான் 6). அற்புதம் செய்கிற தேவன் கணக்கையும் விரும்புகிறார்.

நகர வீடுகளில் பணம் போகும் வழி மாறிவிட்டது. 1999–2000-இல் நகரக் குடும்பச் செலவில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களின் பங்கு 12 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2022–23-இல் அது 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், வெளியே வாங்கும் சமைத்த உணவு ஆகியவற்றின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. செல்பேசியில் தொட்டவுடன் பொருள் வாசலுக்கு வருகிற இந்நாட்களில், தேவையையும் ஆசையையும் பிரித்தறிய நமக்கு அதிக ஜெபம் வேண்டியதாயிருக்கிறது.

செய்யவேண்டியவை

1. ஒரு நோட்டு வையுங்கள். கணவன், மனைவி இருவரும் எழுதுங்கள். நான்கு வாரம் எழுதி முடியும் வரை ஒருவரையொருவர் குறைகூறாதிருங்கள்.

2. சந்தைக்குப் போகுமுன் வீட்டிலிருப்பதைப் பார்த்து, வாங்கவேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். விலை ஏறினால் பிடிவாதம் வேண்டாம். 2023 ஜூலையில் தக்காளி பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, புளி கரைத்துக் குழம்பு வைத்த நம் தாய்மாரின் ஞானம் கைகொடுத்தது.

3. ரேஷன் உரிமையை விட்டுவிடாதிருங்கள். முன்னுரிமைக் குடும்ப அட்டைக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது இலவசம். 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு அது நீட்டிக்கப்பட்டது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தின்படி, ஆதாருடன் இணைக்கப்பட்ட இத்தகைய ஊர் அட்டையைக் கொண்டு மும்பையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ உங்கள் பங்கைப் பெறலாம். ஊரிலிருக்கும் குடும்பத்தார் மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசு தனியாகத் தரும் பருப்பும் பாமாயிலும் வெளிமாநிலத்தில் கிடையாது.

4. கடைக்காரரின் கடன் நோட்டில் உங்கள் பெயர் இருக்குமானால், முதலாவது அதைத் தீர்த்துவிடுங்கள். எலிசா அந்த விதவையிடம் எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்கவும், மீந்ததைக் கொண்டு பிள்ளைகளோடு ஜீவனம்பண்ணவும் சொன்னார் (2 இராஜாக்கள் 4). கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவே பெரிய தொகையை வாக்குப்பண்ணிவிட்டு, மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாய் நடப்பது நல்ல சாட்சியாகாது. அந்தக் கடைக்காரர் நம் வேதத்தை வாசிப்பதில்லை. நம்மைத்தான் வாசிக்கிறார்.

5. வாங்கும் எதையும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் எண்ணி வாங்குங்கள். எல்லாருக்கும் போதாவிட்டால், இருப்பதைப் பகிர்ந்து உண்ணுங்கள்.

அந்த ஐந்தாம் சனிக்கிழமைக்குப் பின்பு நாங்கள் ஐசுவரியவான்களாகிவிடவில்லை. கூலி அதே கூலிதான். வியாழக்கிழமையில் கை இறுக்கமும் சில வாரங்களில் வரத்தான் செய்தது. ஆனால் "எங்கே போயிற்று?" என்று நான் அதன்பின் கேட்கவில்லை. போன இடம் இருவருக்கும் தெரிந்திருந்தது. ரயில் நிலையத்துத் தேநீரை ஒருவேளையாகக் குறைத்தேன். நோட்டில் முட்டை நான்கு என்று எழுதப்பட்டது. முதல் வாரம் அவள் தன் பங்கை இளையவன் தட்டில் வைக்கப் போனாள். நான் விடவில்லை.

இந்தச் சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தோடு அந்த நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். "ஆண்டவரே, நீர் தந்தது இவ்வளவு, நாங்கள் செலவழித்தது இவ்வளவு, எங்களில் எவரும் பசியோடிராதபடி எங்களுக்கு ஞானத்தைத் தாரும்" என்று ஒருமனப்பட்டு ஜெபியுங்கள். உங்கள் கூடையையும், அதைச் சுமந்து வருகிற கைகளையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.