தோற்றவர்களின் திரைக்கதை

வென்றவர்களின் வரலாற்றை எழுதுவதற்குப் பலர் உளர். தோற்றவர்களின் வரலாற்றை எடுத்துரைக்க முன்வருவோர் மிகச் சிலரே. படவுலகில் அத்தகையோர் இன்னும் அரியர். ஆயினும், தோல்வி கண்ட இரு படப்பிடிப்பாளர்களின் வாழ்க்கை, பிற்காலத்தில் நல்ல திரைச்சித்திரங்களாக மலர்ந்திருக்கின்றது.

முதலாமவர் அமெரிக்கரான எட் வூட். 1950களில் கையிற் காசில்லாமலே படமெடுத்தவர் இவர். இவருடைய ‘பிளான் 9 ஃப்ரொம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்னும் படத்தில் அட்டைக் கல்லறைகள் ஆடும். பறக்கும் தட்டுக்களின் நூல் தெரியும். பேலா லுகோசி என்னும் பழம்பெரும் நடிகர் 1956இல் காலமானார். அவர் நடித்த சில காட்சிகளே கைவசம் இருந்தமையால், வேறொருவரை முகத்தை மறைத்து நடிக்கவைத்துப் படத்தை முடித்தார் வூட். 1978இல் அவர் வறுமையில் மறைந்தார். இரண்டாண்டு கழித்து வெளியான ஒரு நூல், உலகின் மிக மோசமான டைரக்டர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டிச் சிரித்தது.

1994இல் டிம் பேர்ட்டன் அவர் கதையைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். வூட்டின் குறைகளை அவர் மறைக்கவில்லை; எள்ளவும் இல்லை. படமெடுப்பதில் அம்மனிதருக்கிருந்த தணியாத ஆசையையே காட்டினார். லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவுக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் அப்படமும் செலவிட்ட பணத்தை ஈட்டவில்லை என்பது விந்தையே!

இனி இரண்டாமவர். இவர் கதை கண்டிவாசிகளாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜே. சி. டானியல் என்பவர் தம் நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ அமைத்து, ‘விகதகுமாரன்’ என்ற பேசாப்படத்தை எடுத்தார். மலையாள நாட்டின் முதற்படம் அதுவே. வெளிவந்த ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். திருவிதாங்கூரிலிருந்து கடத்தப்பட்ட செல்வர் வீட்டுச் சிறுவன் இலங்கைத் தோட்டமொன்றிற் கூலியாளாக வளர்ந்து, வெள்ளைத் துரையின் அன்பைப் பெற்று, அத்தோட்டத்தின் மேலதிகாரியாக உயர்கின்றான். முதுகிலுள்ள தழும்பினால் அவன் யாரென்பது தெரியவர, குடும்பம் ஒன்று சேர்கின்றது. இதுவே கதை.

1867இல் நம் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட வரலாற்றை நாம் அறிவோம். லயத்திற் பிறந்தவன் துரை பங்களாவில் ஏறுவது அக்காலத்தில் கனவிலும் அரிது. அக்கனவைத் திரையிற் காட்டத் துணிந்தவர் டானியல்.

ஆனால் அப்படத்தைத் தோற்கடித்தது அதன் குறையன்று. தாழ்த்தப்பட்ட குலத்தவளான ரோசி என்னும் பெண், நாயர் குல மங்கையாக நடித்துவிட்டாளாம்! வெகுண்டோர் திரையின்மீது கல்லெறிந்தனர். அவளது குடிசையும் தீக்கிரையானது. அவள் தமிழ்நாட்டுக்கு ஓடி, பெயரறியாத வாழ்வு வாழ்ந்தாள். கடனில் மூழ்கிய டானியல் ஸ்டூடியோவை இழந்து, பல் வைத்தியராகிப் பிழைத்தார். 1975இல் கன்னியாகுமரிக்கருகே அகஸ்தீசுவரத்தில் மறைந்தார். செலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற எழுத்தாளர் விடாது எழுதியதனாலேயே அவர் பெயர் மீண்டது. கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்கிவருகின்றது. 2013இல் கமல் என்னும் மலையாள டைரக்டர், பிருதிவிராஜை நடிக்கவைத்து ‘செல்லுலாய்ட்’ என்ற படமாக இவ்வரலாற்றை எடுத்தார்.

இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. வூட்டின் படங்கள் இன்றும் உள்ளன. விரும்பியவர் பார்த்துச் சிரிக்கலாம், இரங்கலாம். ‘விகதகுமாரன்’ என்றால் தொலைந்துபோன மைந்தன் என்று பொருள். கதையில் தொலைந்தவன் கிடைத்துவிட்டான். படமோ பிரதியொன்றுமின்றித் தொலைந்தேபோயிற்று. அது நன்றா தீதா என்று இனி எவரும் கூறவியலாது.

மாணவ நண்பர்களே, ஒருவர் முயற்சி தோற்றது என்று கேட்டவுடனே நகைத்துவிடாதீர்கள். செய்தவரின் திறக்குறைவால் தோற்றதா, பார்த்தவரின் மனக்குறைவால் தோற்றதா என்று முதலில் வினவுங்கள். திரைமேல் விழுந்த கற்களை எறிந்த கைகள் டானியலுடையவை அல்ல.