தண்ணீர்த் திண்ணை

அமெரிக்க முதியோர் குடியிருப்புகளில் திண்ணை தண்ணீருக்குள் இருக்கிறது. அரிசோனாவில் 1960 ஜனவரி 1-ல் டெல் வெப் நிறுவனம் திறந்த சன் சிட்டி இந்த வாழ்க்கையைப் பிரபலமாக்கியது. மூட்டுவலிக்கு இதமான நீரில் நடந்தபடியே ஊர்க்கதை பேசலாம். எழுதாத விதிகள் உண்டு: துண்டைப் போட்டு நாற்காலி பிடிக்கக் கூடாது, தலை நனையாமல் நடப்பவர்மேல் தண்ணீர் தெறிக்கக் கூடாது.

எழுதிய விதிதான் உறுத்துகிறது. பல குளங்களில் பேரக்குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட நேரமே அனுமதி. 80 சதவீத வீடுகளில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருந்தால், குழந்தையுள்ள குடும்பங்களுக்கு இடம் மறுக்க 1995-ம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது.

தடுமாறும் கால்களுக்கு அமைதியான நீர் தேவை, நியாயம்தான். ஆனால் விடுமுறைக்கு வந்த பேரனைக் கடிகாரம் பார்த்துக் கரையேற்றுவது பாட்டியின் வேலை. வீடு வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.