கப்சிப் கல்லீரல்!

எங்க காலேஜ் ரத்ததான முகாமில் ஜாலியா ரத்தம் கொடுத்தான் என் ரூம்மேட். சில நாள் கழிச்சு ரத்த வங்கியிலிருந்து போன்... 'ஹெபடைட்டிஸ் பி' பாசிட்டிவ்! பயலுக்கு ஒரு தலைவலிகூட இருந்ததில்லை.

அதாங்க மேட்டரே! இந்த வைரஸ் வருஷக்கணக்கா கப்சிப்னு தங்கி, கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம். பசியின்மை, காரணமே இல்லாத எடைக் குறைவு, வலது மேல்வயிற்றில் வலி, வயிறு வீக்கம், மஞ்சள் காமாலை... இதெல்லாம் பெரும்பாலும் லேட்டாத்தான் தலைகாட்டும்.

அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இதுக்கான ஊசி நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். நாம அதுக்கு முன்னாடி பொறந்த செட்! அம்மாகிட்ட தடுப்பூசி அட்டையைக் கேளுங்க. போடலையா? ஒரு ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ்னா ஆறு மாசத்தில் மூணு ஊசி.

ரேஸரை மட்டும் ஷேர் பண்ணாதீங்க. சாப்பாட்டில் இது பரவாது. நானும் அவனும் இன்னிக்கும் ஒரே தட்டுதான்!