பிள்ளையின் தூக்கமும் பெற்றோரின் ஷிஃப்டும்

வளரிளம் பருவத்து மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. பல பிள்ளைகளிடம் அது எரிச்சலாகத் தொடங்குகிறது. படிப்பில் பிடிப்பு விட்டுப்போகும், பசி குறையும், இரவு பகலாகும். இரண்டு வாரமாவது நீடித்து அன்றாடக் காரியங்களைக் கெடுத்தால் அதை நோயாகக் கருத வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர்கள் வேறு: திமிர், சோம்பல், எல்லாம் போன் பண்ற வேலை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆனால் பருவமடையும்போது தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் தாமதமாகச் சுரக்கத் தொடங்குவதால், கண் சொக்கும் நேரம் ஒன்றிரண்டு மணி தள்ளிப்போகிறது. போனை மட்டும் குற்றவாளியாக்குவது பாதி உண்மைதான். கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. இங்கே பொதுத்தேர்வு ஆண்டென்றால் விடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ். தூக்கம் கெடுவது மனச்சோர்வின் அறிகுறி மட்டுமல்ல, பல நேரம் அதற்கு முன்னோடியும்கூட.

பிள்ளையின் தூக்கத்தைப் பெற்றோரின் வேலை நேரமும் கெடுக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே இருக்கிறது சேரப்பணஞ்சேரி. ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் கம்பெனி பஸ்கள் ஓடும் இந்தப் பகுதியில் ஒரு வீட்டுக்கு இரவு எப்போது வரும் என்பதை ஷிஃப்ட் அட்டவணையே தீர்மானிக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024 ஆகஸ்டில் விடுதி திறந்தார்கள்; நல்ல காரியம். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வாடகை வீடுதான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா படுக்கும் அதே அறையில்தான் பிள்ளை எழ வேண்டும், படிக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அந்த வீட்டின் ஒழுங்கும் மாறுகிறது.

தூக்கமின்மைக்கான சிகிச்சையோ ஒழுங்கையே மருந்தாகக் கேட்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், காலை வெயில் படவேண்டும், படுக்கை தூங்குவதற்கு மட்டும் இருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைக்குக் கடைசி விதியைச் சொல்லும் மருத்துவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மாத்திரையும் ஆள் கேட்கும். 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்சடின் பலன் காட்டப் பல வாரம் ஆகும். இளம் வயதினர் சிலரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் நெருங்கிக் கவனிக்கச் சொல்கிறது 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்த எச்சரிக்கை. அப்படிக் கவனிப்பது பெரும்பாலும் அம்மா. மாத்திரையையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைப்பவர், பள்ளிக்குப் பதில் சொல்பவர், ராத்திரி பாத்ரூம் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பவர் அவரே. நடு இரவில் பயம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, 24 மணி நேரமும் பேசலாம். மறுநாள் பிள்ளையுடன் இருக்க யாராவது வேண்டுமே.

பராமரிப்பவரின் சுமையை இந்திய மனநல மருத்துவம் அறியாததல்ல. பாய், கபூர் என்ற ஆய்வாளர்கள் குடும்பச் சுமையை அளக்கும் நேர்காணல் வினாப்பட்டியலை 1981-லேயே வெளியிட்டார்கள். வருமான இழப்பு, வீட்டு ஒழுங்கு குலைவது, பராமரிப்பவரின் உடல்நலம் எல்லாம் அதில் உண்டு. அளந்தோம், ஈடு செய்யவில்லை. மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பிள்ளைப் பராமரிப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. காண்ட்ராக்ட் என்றால் ஒரு நாள் லீவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கான இஎஸ்ஐ காப்பீடு, அவருடைய பிள்ளைக்கும் மருத்துவம் தருகிறது. ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் தருகிறது, தொழிலாளி தானே நோயில் படுத்தால். அந்த 91 நாளில் சிலவற்றையாவது, மனநல மருத்துவரின் சான்றின் பேரில், பிள்ளைக்காக எடுக்க அனுமதிக்க வேண்டும். இப்போதைக்கு, பிள்ளைக்கு மருந்து இலவசம். மருந்து கொடுக்க வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடையாது.