சிவப்பு யாருக்கு?

முதுகுளத்தூரில் விடியற்காலைப் பேருந்து ஏறி, பரமக்குடி வழியாக மதுரைப் பெருமருத்துவமனைக்கு வருகிறாள் ஒரு தாய். கரிமூட்டத்தில் உழைத்துக் கறுத்த கை. அந்தக் கையைப் பற்றியபடி காய்ச்சல் கண்ட பேரன். சாலை முனையில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டிகள் நிற்கின்றன. நம்பிக் காலெடுத்து வைக்கிறாள். நிற்காத ஒரு வரிசை இடப்புறம் வளைந்து அவள்மீது பாய வருகிறது! "பார்த்து வரக்கூடாதா?" என்ற வசவு வேறு.

பார்த்துத்தானே வந்தாள்? விளக்கைப் பார்த்து வந்தாள்!

'ஃப்ரீ லெஃப்ட்' என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இடப்புறம் திரும்புவோரைச் சிவப்பு கட்டுப்படுத்தாதாம்! எந்தச் சட்டம் சொன்னது? அனுமதிப் பலகையோ, பச்சை அம்புக்குறியோ இல்லாத முனையில் சிவப்பு என்றால் எல்லோருக்கும் சிவப்புதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், சிவப்பைத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதலின் வகைகளுள் ஒன்றாகவே எண்ணியது.

அமெரிக்காவைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், சிவப்பில் வலப்புறம் திரும்பலாம். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. நின்று உறுமும் வண்டி பெட்ரோலைக் குடிக்கிறதே என்ற கவலையும் வந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழக்கத்தை மாநிலங்கள்தோறும் பரப்பிற்று. பெட்ரோல் மிஞ்சியதோ என்னவோ, நடந்து சென்றோரும் மிதிவண்டியில் சென்றோரும் அடிபடுவது கூடிற்று என்று ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டனர். நியூயார்க் நகரமோ அறிவிப்புப் பலகை இல்லாத இடமெங்கும் அதைத் தடுத்தே வைத்திருக்கிறது. அனுமதி உள்ள இடத்திலும் முதலில் முழுதாக நின்று, நடப்பவருக்கு வழிவிட்ட பிறகே திரும்ப வேண்டும். அந்த நிபந்தனையை நம் முனைகளில் கண்டதுண்டா?

நெரிசல் பெருகும் என்பார்கள். இடப்புறத்திற்கெனத் தனிப் பாதை பிரித்த அகலச் சாலையில் அனுமதி தரட்டும், மறுப்பில்லை. குறுகிய முனையில், காரில் இருப்பவரின் அரை நிமிடத்திற்காக நடப்பவரின் உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்? 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். (இடப்பக்கம் திரும்புவோரெல்லாம் ஏழையின் பக்கம் நிற்பவரல்லர் என்பது அரசியலுக்கு மட்டுமல்ல, சாலைக்கும் பொருந்துகிறது!)

கோவை எலும்பு மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழங்கும் உரிமை என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் உரைத்தது. நடைபாதை முடிந்து, சாலையைக் கடக்க இறங்கும் இடத்தில் அந்த உரிமையும் முடிந்துவிடுமா?

நகராட்சியிலும் மாநகராட்சியிலும் அமர்ந்திருக்கும் நம் தோழர்கள் தத்தம் பகுதிச் சிக்னல்களில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். நடப்பவர் கடக்கத் தனி நேரம் உண்டா, முதியவள் ஒருத்தி கடக்க அது போதுமா என்று எண்ணிப் பார்த்து, மன்றத்தில் கேட்கட்டும். கேட்கப் போகும்போது நாம் ஏறிச் செல்லும் கொடி கட்டிய கார், மாநாட்டிற்கு விரையும் வேன், இவை சிவப்பில் நிற்கின்றனவா என்றும் பார்க்கட்டும். சென்ற வாரம் ஒரு முனையில் நானே கண்டேன்: நிற்காமல் வளைந்த மூன்று வண்டிகளில் ஒன்றில் பறந்தது நம் கொடி.