விசாவிலும் உள்குத்தகை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்து உயிர்கள் போகும்போதெல்லாம் விசாரணையில் அடிபடும் சொல் ‘உள்குத்தகை’. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறை அறையாக வாடகைக்கு எடுத்து வேலையை நடத்துகிறவர் வேறொருவராக இருப்பார். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பின்னும் இதுதான் வெளிவந்தது. உரிமக்காரர் ஆலைப் பக்கம் வருவதில்லை. நடத்துகிறவருக்கோ போட்ட பணத்தைச் சீசன் முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். அதனால் நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். இதே அமைப்பு, அரசின் கண்ணுக்கு எதிரிலேயே, இந்த விருதுநகர் மாவட்டத்து இளைஞர்களை வெளிநாட்டுக் கட்டட வேலைக்கு அனுப்புவதிலும் நடக்கிறது. ஆள் சேர்க்கும் உரிமம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் நிறுவனத்துக்கு; ஊரில் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் வாங்குகிறவர் எந்த உரிமமும் இல்லாத ‘ஏஜென்ட்’. இந்த இரண்டாவது உள்குத்தகையை ஒழித்து, விசாச் செலவை வேலைக்கு அழைக்கும் கம்பெனியே ஏற்கும் வழியை அரசு உண்டாக்க வேண்டும். கட்டட வேலைக்கு வெளிநாடு போவது பட்டாசு வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மீட்சியாவதும் புதுக் கொத்தடிமையாவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

பட்டாசைத் தவிர வேறு வழி வேண்டும் என்பது அந்தத் தொழிலை இகழ்வது ஆகாது. வானம் பார்த்த கரிசல் பூமியில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்ட தொழில் அது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்தது. ஆனால் அதையே முழுதாக நம்பியிருக்கும் காலம் முடிந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்று கூறி, பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேறு எந்த ஆண்டானாலும் மழைக்காலத்தில் வேலை குறையும். தீபாவளி முடிந்ததும் சில வாரங்கள் நிற்கும். முதலிப்பட்டி (2012), அச்சங்குளம் (2021), செங்கமலப்பட்டி (2024), சின்னக்காமன்பட்டி (2025) என்று நீளும் விபத்துப் பட்டியலில் முதலிப்பட்டியில் மட்டும் குறைந்தது 38 பேர் போனார்கள். மத்திய அரசு 2018-இல் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று நாடெங்கும் தெரிவு செய்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். ராமநாதபுரத்துக்காரர்கள் பல தலைமுறையாகக் கடல் கடந்து பிழைக்கிறார்கள். விருதுநகர் அந்தப் பாதையில் பிந்தி வருவதில் ஒரு நன்மை உண்டு: முந்திப் போனவர்கள் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் இம்மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் என்றும், அவர்கள் அதிகம் இருக்கும் நாடு சிங்கப்பூர் என்றும் கணக்கிட்டது. சிங்கப்பூரானாலும் வளைகுடாவானாலும் அடிப்படை ஒன்றே. அங்கே ஒரு முதலாளி ‘ஸ்பான்சர்’ செய்தால்தான் வேலை அனுமதி கிடைக்கும். ஆள் தேவைப்படுவது அந்த முதலாளிக்கு. ஆகவே அழைத்துவரும் செலவும் அவருடையது என்பதுதான் நியாயம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2016-இல் வகுத்த நியாயமான ஆள்சேர்ப்பு நெறிகளும், வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றே சொல்கின்றன. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வாங்கலாம்; அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். உரிமம் இல்லாத துணை முகவர் எவ்வளவு வாங்கினாலும் குற்றம். ஆனால் லட்சக்கணக்கில் கைமாறுவது ஊரறிந்த செய்தி. ‘ஃப்ரீ விசா’ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. கொடுக்க வேலையே இல்லாத ஒரு ஸ்பான்சர் பெயரில் எடுத்த விசாவை விலைக்கு வாங்கிக்கொண்டு போய், அங்கே தானே வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் பொருள். பிடிபட்டால் சட்டவிரோதத் தொழிலாளி ஆகிறவர் விசா வாங்கிப் போனவர். விற்றவருக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு ஓட்டையும் உண்டு. குடிப்பெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அங்கே போகும் கட்டடத் தொழிலாளியின் ஒப்பந்தத்தை, கிளம்பும் முன் நம் அதிகாரி எவரும் வாங்கிப் பார்ப்பதில்லை.

கொடுத்த பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயத்தின் கனம் தெரியும். இரண்டு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம்: நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும்; முதல் அப்படியே நிற்கும். போன இடத்தில் முதல் சம்பளம் வர இரண்டு மாதம் ஆகலாம், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்தம் இருக்கலாம். அந்த மாதங்களில் வட்டி கட்டுகிறவர் யார்? ஊரில் இருக்கும் மனைவி. அவருக்குத் தெரிந்த வேலை, திரி செருகுவதும் மருந்து அடைப்பதும். கணவன் வெடிமருந்தை விட்டுத் தப்பிக்க வாங்கிய கடன், மனைவியை அதே மருந்தறைக்குள் கூடுதல் நாள் உட்கார வைக்கிறது. பட்டாசு ஆலைகளில் முன்பணம் வாங்கிவிட்டு அது தீரும்வரை வேறு ஆலைக்கு மாற முடியாமல் இருப்பது எப்படி என்று இந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டு வேலையில் முன்பணத்தை வேலைக்காரனே கொடுக்கிறான். கட்டுண்டு கிடப்பவனும் அவனேதான். கடன் இருக்கிறவன் சம்பளம் குறைந்தாலும் கேட்க மாட்டான், சாரம் ஆடினாலும் ஏற மாட்டேன் என்று சொல்ல மாட்டான், திரும்பி வரவும் துணிய மாட்டான்.

இதற்கு உடனே வரும் மறுப்பு: முதலாளி ஏன் கொடுக்கப் போகிறார்? நம் ஆள் பணம் கட்ட மாட்டேன் என்றால் கட்டத் தயாராக வங்கதேசத்தில் ஆள் இருக்கிறது. வேலை அங்கே போய்விடும். மண் சுமக்கவும் கல் தூக்கவும் அழைக்கும் வேலையைப் பொறுத்தவரை இந்த மறுப்பு உண்மை, மழுப்ப வேண்டியதில்லை. கைத்தொழில் தெரிந்தவர் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. சிங்கப்பூரில் கட்டடத் துறை முதலாளி, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து அழைத்துவரும் ஒவ்வொருவருக்கும் அரசுக்கு மாதாமாதம் வெளிநாட்டு ஊழியர் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர் திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி. அதாவது தேர்ந்த கையாக ஒருவர் கிடைத்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம், இரண்டு ஆண்டுக்கு 9,600 வெள்ளி. ஒரு தொழிலாளியின் விமானச் சீட்டும் தேர்வுச் செலவும் முகவர் கட்டணமும் அதற்குள் அடங்கிவிடும். இந்தத் தீர்வையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமும் தடுக்கிறது. ஆக, செலவை முதலாளி தலையில் வைக்க நம்மிடம் இருக்கும் ஒரே பிடி திறமைதான். அந்தப் பிடி இல்லாமல் ‘கட்டணம் வாங்காதே’ என்று சட்டம் மட்டும் போட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

அந்தத் திறமை இங்கே இல்லாமல் இல்லை, அதற்குச் சான்றுதான் இல்லை. கையாளாகச் சேர்ந்து, கலவை போட்டு, பிறகு கரணை பிடித்து, பத்துப் பதினைந்து ஆண்டில் நல்ல கொத்தனார் ஆனவர்கள் அருப்புக்கோட்டையிலும் ராஜபாளையத்திலும் ஏராளம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கம்பி வளைக்க வேண்டிய அளவுகளைப் பட்டியலாகக் கொடுத்தால் அதைப் படித்து வேலை செய்யப் பலருக்குப் பழக்கம் இல்லை. சென்ட்ரிங் போடுகிறவருக்கு மரப்பலகையும் முட்டுக்கம்பும் தெரியும், அலுமினிய ஃபார்ம்வொர்க் தெரியாது. இந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் படித்து நிரப்ப வேண்டியதும் அல்ல. ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குச் சில வாரப் பயிற்சியும் தேர்வும் போதும். முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் திட்டம் மத்திய அரசிடம் இருக்கிறது. சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் வசூலாகும் நலநிதி கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திடம் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதுதான் குறை.

திறமையைச் சரியாகச் சோதிக்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேல் அண்மைக்கால உதாரணம். 2023 நவம்பரில் இரு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தின் பேரில் கம்பி வளைப்பு, பூச்சு, டைல்ஸ், சென்ட்ரிங் ஆகிய வேலைகளுக்கு 2024 ஜனவரியில் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் அவசர அவசரமாக ஆள் எடுத்தார்கள். போனவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த வேலை போதிய அளவு தெரியவில்லை என்றும், வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டார்கள் என்றும் பின்னர் செய்திகள் வந்தன. போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கு ஆள் அனுப்பியதே தவறு என்பது என் கருத்து. ஆனால் அரசே முன்னின்றதால் இடைத்தரகுச் செலவு குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதைவிடத் தெளிவான பாடம் தென் கொரியாவிலிருந்து வருகிறது. 2004 முதல் அந்நாடு தனியார் முகவர்களை விலக்கி, அரசுக்கு அரசு என்ற முறையில் தொழிலாளரை எடுக்கிறது. அதற்கு முன் ஒருவருக்குச் சராசரியாக 3,500 டாலர் அளவில் ஆன செலவு, பின்னர் 1,000 டாலருக்கும் கீழே வந்தது. இடையில் நிற்கிறவர்கள் இல்லாமல் இது நடக்காது என்ற பேச்சு அங்கே பொய்யானது.

ஆபத்து பற்றிய கவலை நியாயமானது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் இறந்த நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். சாரத்திலிருந்து விழுவதும் வெயிலில் சுருள்வதும் எங்கும் உண்டு. வெளிநாட்டுக் கட்டட வேலை பாதுகாப்பானது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கடனில்லாமல் போனவர் ஆபத்தான இடத்தை விட்டு விலக முடியும். குடிப்பெயர்வு அனுமதியோடு மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவாகிப் போனவருக்குப் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். உள்குத்தகை வழியில் போனவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கொத்தனார்களெல்லாம் கிளம்பிவிட்டால் இங்கே யார் வீடு கட்டுவார்கள் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. தமிழ்நாட்டுக் கட்டடங்களில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஏற்கெனவே உழைக்கிறார்கள். உள்ளூரில் நல்ல கைக்குக் கூலி கூடினால் அது தீங்கும் ஆகாது.

எனக்கே முழு விடை இல்லாத மறுப்பு பெண்களைப் பற்றியது. பட்டாசு அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் பெரும் பங்கு. கட்டட வேலைக்கு வெளிநாடு அழைக்கப்படுகிறவர்கள் அநேகமாக ஆண்களே. ஆண்கள் பாலைவனத்துக்கும் பெண்கள் மருந்தறைக்கும் என்று குடும்பம் பிரிவதை வளர்ச்சி என்று சொல்ல மனம் ஒப்பாது. பெண்களுக்கு உள்ளூரிலேயே வேறு தொழில் வர வேண்டும், இ.குமாரலிங்கபுரத்தில் வரவிருக்கும் ஜவுளிப் பூங்கா போன்றவை அதற்கானவை, அவற்றைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வட்டிக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தால், நாளைக்கு ஆலைக்குப் போவதா வேண்டாமா என்று அந்தப் பெண் தானே முடிவு செய்யலாம். இன்று அந்த முடிவு அவர் கையில் இல்லை.

அரசு புதிதாக ஒரு நிறுவனம் தொடங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் அறிவிப்புகளில் செவிலியர் வேலைகள்தாம் அதிகம் கண்ணில் படுகின்றன. கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் அது திறந்திருக்க வேண்டும். செலவு முழுவதையும் ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் கம்பெனிகளோடு மட்டும் அது ஒப்பந்தம் செய்யட்டும். உரிமமில்லா ஏஜென்ட்டைப் பற்றிய புகாரை, உள்குத்தகை ஆலையைப் பற்றிய புகாரைப் போலவே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பெற்று நடவடிக்கை எடுக்கட்டும். இப்போது அந்தப் புகார் காவல் நிலையத்தில் ‘பணம் கொடுக்கல் வாங்கல்’ தகராறாகச் சுருங்கிவிடுகிறது. முதல் தேர்வு முகாமைச் சாத்தூர் ஐடிஐயில், தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் வாரங்களில் வைக்கலாம். அப்போது ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஏஜென்ட்டுகள் வீடு வீடாக வரும் காலமும் அதுதான்.