பசுவுக்குச் சாணம், பன்னிக்குப் பீ

மொழிக்குள்ளேயே சாதி இருக்கிறது தோழர்களே. பசு போட்டால் சாணம்: வாசல் தெளிக்கலாம், பிள்ளையார் பிடிக்கலாம். பன்னி போட்டால் பீ. பூமி சூடாகுது என்று கூட்டம் போடுகிறவர்கள் கையிலும் இதே அகராதிதான்.

கணக்குப் பார்ப்போம். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2006இல் தந்த அளவுப்படி, இந்தியாவில் ஒரு கறவைப் பசுவின் வயிறு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விடுகிறது. பன்னி 1 கிலோ. 2019 கணக்கெடுப்பில் பசுவும் காளையுமாக 19 கோடிக்கு மேல். பன்றிகள் 90 லட்சம். ஆனால் நகராட்சி வண்டி யாரைத் துரத்துகிறது?

அதற்காகப் பன்னிக்குட்டையை நியாயப்படுத்த முடியாது. கழுவிவிட்ட பீ தண்ணீரோடு தேங்கிக் காற்றுப்படாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பண்ணை முதலாளிகள் அதைக் குளம்குளமாகத் தேக்கினார்கள். 2018 புளோரன்ஸ் புயலில் குளங்கள் வழிந்தன. பக்கத்தில் குடியிருந்தவர்களில் கறுப்பின மக்கள் அதிகம். நாத்தம் எங்கே போய்த் தங்கும் என்பது அங்கேயும் தீர்மானிக்கப்பட்டதுதான்.

மருந்து புதுசல்ல. பீயை மூடிய கலத்தில் விட்டு, வரும் வாயுவை அடுப்பில் எரித்தால் 1 கிலோ மீத்தேன் 2.75 கிலோ கரியமில வாயுவாகிவிடும். 28 எங்கே, 2.75 எங்கே! மிச்சம் வயலுக்கு உரம். கிலோவுக்குக் கிலோ பசுஞ்சாணத்தைவிடக் கூடுதல் வாயு தருவதும் பன்னிப் பீதான். கலம் கட்ட வழியில்லாதவன் வைக்கோலும் சருகும் கலந்து உலர்வாக மக்கவைத்தாலே மீத்தேன் குறையும்.

பிறகு ஏன் நம் தெருவுக்குக் கலம் வரவில்லை? 1981இல் தொடங்கிய தேசியச் சாண எரிவாயுத் திட்டம் மாடும் தொழுவமும் உள்ளவனைத் தேடிப் போனது. 2018 திட்டத்துக்குப் பேரே 'கோபர்தன்'. 2021இல் தேசியக் கால்நடை இயக்கம் பன்றிப் பண்ணைக்கு 30 லட்சம் வரை மானியம் அறிவித்தது. நாலு பன்னி வைத்திருப்பவனுக்கு அல்ல, பெரும்பண்ணை போட முடிந்தவனுக்கு. அதே 2021இல் மேகமலை புலிகள் காப்பகமானது. புலிக்கு வரைபடம் உண்டு. அடிவாரத்துச் சேரிக்கு?

நான் வங்கிக் குமாஸ்தா. 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு, கால்நடைக்கும் சேர்த்து, அடமானம் கேட்கக்கூடாது என்பது 2025 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற எங்க சனத்திடம் முதல் கேள்வி இன்னமும் "பட்டா இருக்காய்யா?"

எனவே கேட்போம். பன்னி வளர்ப்பவர்களே சேர்ந்து நடத்தும் பொதுக்கலம். அதற்குப் புறம்போக்கில் இடம். பட்டா கேட்காத கடன். 2020இல் தேனிக்கு வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி, சேரிக்கு வந்து தொழில் சொல்லித் தரட்டும்.

ஒன்றை விட்டுக்கொடுக்கவே கூடாது. கலத்தைத் தூர்வார மனுசன் இறங்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. மலக்குழியில் நம்மாளைக் கொல்கிற அதே வாயு. மலக்குழிக்கு 2013 சட்டம் சொல்வது இந்தக் குழிக்கும் வேண்டும்.

பூமியைக் காப்பாத்த வா என்கிறாய். வருகிறோம். எங்கள் அடுப்பு எரியட்டும், எங்கள் பேரில் கலம் இருக்கட்டும். குழிக்குள் இறங்க மட்டும் கூப்பிடாதே.